கலவை ஸ்குறுவைக் கடைசியில் தொடுங்கள்: காலையில் எழும்பாத பழைய காருக்கு ஒரு செய்முறை

மாமா எங்களுக்குத் தந்த 1980ஆம் ஆண்டு நிசான் சன்னி, மார்கழி மழை தொடங்கினால் காலையில் எழும்பாது. ஏழெட்டுத் தரம் ஸ்டார்ட் அடிக்க வேண்டும். ஒரு கராஜில் காட்டினோம். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், அந்தக் கலவையின் அளவை மாற்றும் கலவை ஸ்குறுவை இரண்டு சுற்று வெளியே திருகி, பெற்றோலைக் கூட்டிவிட்டார்கள். அடுத்த நாள் கார் எழும்பியது உண்மை. ஆனால் அன்றிலிருந்து நிற்கும் இடத்தில் கரும்புகை, காருக்குள் பெற்றோல் மணம், கூடின செலவு. இரண்டு மாதம் கழித்துத்தான் காரணத்தைக் கண்டோம். குளிர்ந்த எஞ்சின் எழும்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக்கின் கம்பி அதன் பிடியிலிருந்து நழுவியிருந்தது. நாம் முழுதாக இழுத்தாலும் கார்புரேட்டரின் சோக் மூடி பாதிதான் மூடியது. ஒரு சின்ன ஸ்குறுவை இறுக்கியதோடு வேலை முடிந்தது.

அதனால் இந்த விளக்கத்தில் கலவை ஸ்குறு கடைசியில்தான் வரும். கார்புரேட்டர் உள்ள எந்தப் பழைய காருக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

சோக் எதற்கு?

பெற்றோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் பெற்றோலின் ஒரு பகுதி, கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாயான மனிபோல்டின் குளிர்ந்த சுவரில் துளியாக ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குப் போய்ச் சேருகிற ஆவி போதாது. சோக் மூடி காற்றின் வழியை அடைக்க, எஞ்சினின் உறிஞ்சல் கூடி, அதிகப் பெற்றோல் இழுபடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நுவரெலியாக் குளிர் நமக்கு இல்லை. திருகோணமலையில் தை மாத விடியலிலும் 24 பாகை அளவில்தான் இருக்கும். இந்தச் சூட்டில் ஒரு நல்ல எஞ்சினுக்குச் சோக் ஒன்றிரண்டு நிமிடம் போதும். உப்புவெளியில் இழுத்த சோக்கை திருகோணமலை நகரின் அனுராதபுரச் சந்தி வரையும் விட முடியவில்லை என்றால், குளிரைக் குறை சொல்ல வேண்டாம். எங்கோ காற்று கூடுகிறது, அல்லது பெற்றோல் குறைகிறது.

தொடங்குவதற்கு முன்

காரை வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டால் காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கியர் நியூட்ரலில், கைப்பிரேக் இழுத்தபடி இருக்கட்டும். சிகரெட் வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள். பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இன்னொன்று: குளிர் எஞ்சினைச் சோதிக்கும் வாய்ப்பு ஒரு நாளைக்கு ஒரு தரம்தான். ஒருமுறை எழும்பிவிட்டால் அன்றைய சோதனை முடிந்தது. ஆகவே முதல் நாள் மாலையே ஒரு கொப்பியை எடுத்து, காலையில் எதை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று எழுதி வையுங்கள்.

படி 1: ஸ்டார்ட் அடிக்காமலே பாருங்கள்

எயார் கிளீனர் மூடியைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் வாயில் தெரிகிற தகடுதான் சோக் மூடி. ஒருவரை உள்ளே இருத்தி சோக்கை இழுக்கச் சொல்லுங்கள். தகடு முழுதாக மூட வேண்டும். திரும்பத் தள்ளினால் நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் கம்பியின் பிடியை முதலில் சரிசெய்யுங்கள். தானாக இயங்கும் சோக் என்றால், குளிர்ந்த எஞ்சினில் அக்சிலேட்டரை ஒரு தரம் முழுதாக மிதித்து விடுங்கள். தகடு தானே மூடும். எஞ்சின் சூடான பிறகும் திறக்காமல் நின்றால், சோக்குக்கு வரும் மின் வயரைப் பாருங்கள். கடல் காற்றில் அந்த முனை பச்சை பிடித்திருப்பது நம் ஊரில் சாதாரணம்.

அடுத்து, எஞ்சின் ஓடாதபோதே கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி அக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெற்றோல் பீச்ச வேண்டும். பீச்சினால், கார்புரேட்டருக்குள் பெற்றோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தில் பெற்றோல் இருக்கிறது. பீச்சாவிட்டால் கிண்ணம் வெறுமை, அல்லது கார்புரேட்டருக்குள் உள்ள சின்னப் பம்பு பழுது. சன்னியின் ஹிட்டாச்சி கார்புரேட்டரில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. பெற்றோல் மட்டம் அதன் குறிக்கு நேரே நிற்க வேண்டும். நான் எதையும் கழற்றுவதற்கு முன் அந்த ஜன்னலைத்தான் பார்ப்பேன்.

கச்சான் காற்றுக் காலத்தில் கார் நாலைந்து நாள் வெயிலில் நின்றால் கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிவிடும். அப்போது பம்பு மறுபடி நிரப்பும்வரை ஸ்டார்ட் அடிக்க வேண்டிவரும். அது கலவைப் பிழை இல்லை. பத்து விநாடி அடித்து, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி அடியுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டரைச் சூடாக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு காலையும் கிண்ணம் வெறுமையாக இருந்தால் பெற்றோல் பம்பையும் பில்டரையும் பாருங்கள். எஞ்சின் எழும்பாதபடி, பிளக்குகளின் பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலின் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு ஸ்டார்ட் அடித்தால், பெற்றோல் விட்டுவிட்டுப் பலமாக வந்து விழ வேண்டும்.

படி 2: நெருப்பு, அதாவது பிளக்கின் பொறி

மாரி காலத்தில் எழும்பாத கார்களில் பலவற்றுக்கு நோய் இங்கேதான். முழுச் சார்ஜில் உள்ள பற்றரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம், அல்லது முனைகளில் உப்புப் பூத்திருக்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள். ஈரம் இருந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பென்சிலால் கீறியதுபோல் கருங்கோடு இருந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும். மின்சாரம் அந்தக் கோட்டில் ஒழுகுகிறது. டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ட் (திறந்து மூடும் மின் தொடுமுனை) உள்ள காரில் அதன் இடைவெளியைப் பாருங்கள். சன்னிக்கு அது அரை மில்லிமீற்றர் அளவு.

இரவில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, எல்லா வெளிச்சத்தையும் அணைத்து, பொனட்டைத் திறந்து பாருங்கள். பிளக் வயர்களில் நீலப் பொறி ஊர்ந்தால் அந்த வயர்கள் போய்விட்டன. கையால் தொடாதீர்கள்.

படி 3: பிளக் சொல்வதைப் படியுங்கள்

கலவையைப் பற்றி எஞ்சின் எழுதி வைக்கும் குறிப்பு பிளக்கின் முனையில் இருக்கிறது. ஆனால் அதை எப்போது கழற்றுகிறோம் என்பது முக்கியம். காலையில் சோக்கோடு ஓடிய பிளக் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். ஆகவே நிலாவெளி வீதியில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஒரே வேகத்தில் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, ஐடிலில் (அக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலை) விடாமல் உடனே அணைத்து, ஆறவிட்டுக் கழற்றுங்கள். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டர் என்று ஒழுங்காக வரிசையில் அடுக்குங்கள்.

இளம் பழுப்பு, பாற்தேநீர் நிறம் என்றால் கலவை நல்லது. உலர்ந்த கரிபோல் கறுப்பு என்றால் பெற்றோல் கூட, அதாவது அளவுக்கு அதிகம். வெண்மையாக, கொப்புளம்போல் இருந்தால் காற்று கூட, அதாவது எஞ்சின் சுடுகிறது. இதை அலட்சியம் செய்ய வேண்டாம், பிஸ்டன் உருகும். ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. கார்புரேட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நாலு பிளக்கும் ஒரே நிறமாக இருந்தால்தான் கலவையைப் பற்றி யோசிக்கலாம். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக், வயர், வால்வு என்று போங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு வெளிறியிருந்தால் அந்தப் பக்க மனிபோல்ட் கஸ்கட்டில் (இணைப்பின் இடையே வைக்கும் தட்டை அடைப்பு) காற்று நுழைகிறது என்று நான் சந்தேகிப்பேன்.

படி 4: கூடவா, குறைவா?

செலவில்லாத சோதனை இது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் உதறும்போது சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். உதறல் குறைந்து சீரானால் கலவையில் பெற்றோல் குறைவு. இன்னும் மோசமாகி அணையப் போனால் ஏற்கெனவே கூட.

பெற்றோல் குறைவு என்றால் முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். தலைமுடிக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்னப் போத்தலை எடுத்து, கார்புரேட்டரின் அடிக் கஸ்கட், மனிபோல்ட் இணைப்பு, பிரேக்கை இலகுவாக்கும் சேவோவுக்குப் போகும் ரப்பர் குழாய் என்று ஒவ்வொன்றாகப் புகைபோலத் தெளியுங்கள். எங்கே தெளிக்கும்போது எஞ்சினின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. டிஸ்ரிபியூட்டர் பக்கம் தெளிக்காதீர்கள். சிலர் இதைப் பெற்றோலால் செய்வார்கள். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அது தீ வைப்பதற்குச் சமம்.

பெற்றோல் கூட என்றால் மூன்று இடம்: திறக்காத சோக், செம்மண் தூசு அடைத்த எயார் பில்டர், கிண்ணத்தின் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையும் அதன் ஊசி வால்வும். எஞ்சின் ஓடும்போது கண்ணாடி ஜன்னலில் மட்டம் குறிக்கு மேலே ஏறினால் ஊசி வால்வில் அழுக்கோ தேய்வோ இருக்கிறது.

வருடாந்தப் புகைச் சான்றிதழோடு தருகிற அளவுத் தாளை வீசிவிடாதீர்கள். அதில் காபன் மொனொக்சைட் அதிகமாக இருந்தால் பெற்றோல் கூட. மொனொக்சைட் குறைந்து, ஐதரோகாபன் (எரியாத பெற்றோல்) மட்டும் உயர்ந்திருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. படி 2க்குத் திரும்புங்கள்.

படி 5: இப்போது அந்த ஸ்குறு

மேலே உள்ளவை எல்லாம் சரியென்றால் மட்டும். எஞ்சின் முழுச் சூட்டில், சோக் முழுதாகத் திறந்து, லைட்டுகள் அணைத்திருக்க வேண்டும். முதலில் எஞ்சினை அணைத்து, ஸ்குறுவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடி தட்டுகிறது என்று எண்ணி எழுதுங்கள். இறுக்காதீர்கள், ஊசி முனை பழுதாகும். பழைய இடத்துக்கே கொண்டுவந்து ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சுற்று உள்ளே, பத்து விநாடி பொறுமை. எஞ்சின் தடுமாறும் இடம் வரும்போது நின்று, அங்கிருந்து கால் சுற்றாக வெளியே வாருங்கள். வேகம் ஏறி, சீராக ஓடும் முதல் இடம்தான் சரியான இடம். அதற்கு மேல் திறப்பது வெறும் பெற்றோல் செலவு. பிறகு ஐடில் வேகத்தை அதற்குரிய மற்ற ஸ்குறுவால் இறக்குங்கள்.

எவ்வளவு திருகினாலும் எஞ்சினில் மாற்றமே இல்லையென்றால், ஐடிலுக்குப் பெற்றோல் விடும் சின்னத் துளையான ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. கழற்றி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் எஸ்யூ கார்புரேட்டரில் சோக் மூடி கிடையாது, சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும். ஆகவே ஜெட் திரும்ப மேலே வருகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்தினால் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, அணையப் போனால் குறைவு, சற்றே ஏறி இறங்கினால் சரி.

பெற்றோல் வழிந்து பிளக் நனைந்துவிட்டால் சோக்கை முழுதாகத் தள்ளி, அக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடியே வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். விட்டுவிட்டு மிதிக்க வேண்டாம். ஒவ்வொரு மிதியும் இன்னும் பெற்றோல் பீச்சும்.

எங்கள் சன்னிக்கு இரண்டே கால் சுற்று வந்தது. அதை பொனட்டின் உட்பக்கத்தில், திகதியோடு வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறேன். அடுத்து கையை வைக்கும் கராஜ் பாஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்குறு டிரைவரை எடுக்க வேண்டும்.