சமூக நெறியை வைத்து மனப்பிறழ்வை வரையறுப்பதை மதிப்பிடுவது எப்படி?

சமூக நெறியை மீறும் நடத்தையே மனப்பிறழ்வு என்னும் வரையறையை மதிப்பிடுபவர், எடுத்த எடுப்பிலேயே வரலாற்றுக் கொடுமைகளை அடுக்காமல், முதலில் அதன் வலுவைச் சொல்ல வேண்டும். அரிதாக இருப்பதெல்லாம் பிறழ்வு என்னும் புள்ளியியல் வரையறையில் அபாரமான நுண்ணறிவும் சிக்கிக்கொள்ளும். சமூக நெறி வரையறையில் அந்தச் சிக்கல் இல்லை, பிறருக்கு நேரும் தீங்கையும் அது கணக்கில் கொள்கிறது.

அடுத்து, அந்த நெறியை வகுத்தவர் யார், அது மீறப்பட்டால் இழப்பு யாருக்கு என்று கேளுங்கள். 1851-இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பியோடுவதையே 'டிராபெட்டோமேனியா' என்னும் நோயாக்கினார். சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்கள் சிலருக்கு 'மந்தகதி மனச்சிதைவு' என்று பெயர் சூட்டி மருத்துவமனையில் அடைத்தார்கள். தன்பாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973-இல்தான் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த மனிதர்களிடம் எதுவும் மாறவில்லை, நெறிதான் மாறியது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

பண்பாட்டையும் பாருங்கள். சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய இடங்களில், குரல்கள் கேட்பதாகச் சொன்ன மனநோயாளிகளை மானிடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் ஆராய்ந்தனர். சென்னையில் பலருக்கு அவை வீட்டு வேலைகளை ஏவும் உறவினர் குரல்களாக இருக்க, சான் மட்டேயோவில் வன்முறை நிறைந்த அந்நிய ஊடுருவலாகவே பெரும்பாலும் இருந்தன. எனவே 'குரல் கேட்கிறது' என்பதோடு நிறுத்தாமல், அது அவருக்கு என்ன பொருள் தருகிறது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

பிறகு நெறியை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, சம்பந்தப்பட்டவரிடம் துயரமோ அன்றாடச் செயற்பாட்டுக் குறையோ எஞ்சுகிறதா என்று பாருங்கள். என் கணிப்பில் தீர்ப்பு இதில்தான் இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடான டி.எஸ்.எம்.-5 ஏறத்தாழ இதையே சொல்கிறது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் விழுமியங்களுக்கு இணங்கவில்லை என்பதைக் கொண்டு அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

இந்தச் சோதனை திணறும் இடம், பிறர் உரிமைகளைத் தொடர்ந்து மீறும் போக்கான சமூகவிரோத ஆளுமைக் கோளாறு. அங்கு நெறிமீறலே முதன்மைச் சான்றாக நிற்கிறது. ஆகவேதான் டி.எஸ்.எம்.-5, ஏழு அளவைகளில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும், வயது 18 நிறைந்திருக்க வேண்டும், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு தலைகாட்டியிருக்க வேண்டும் என்று கடிவாளங்களை இடுகிறது. அவை போதுமா என்பதையும் உங்கள் மதிப்பீடு விவாதிக்க வேண்டும்.