ரோண்டாவில் பெயரை நம்பினால் ஏமாறுவீர்கள்

தெற்கு ஸ்பெயினின் மாலகா நகரிலிருந்து சுமார் 100 கி.மீ. மலைச்சாலையில் ஏறினால் ரோண்டா வரும். முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். ஊரின் நடுவே பூமி பிளந்து கிடக்கிறது, அந்தப் பிளவின் மேல் ஒரு கல்பாலம் நிற்கிறது. ஸ்பெயின் சுற்றுலாப் படங்கள் என்று எதைப் புரட்டினாலும் அந்தப் பாலம் கண்ணில் பட்டுவிடும். அங்கே போகிறவர்கள் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல், பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவதால் வருபவை.

முதலில் அந்தப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். புவென்தே நுவேவோ என்றால் 'புதுப் பாலம்'. புதுப் பாலம் கட்டி முடிந்த ஆண்டு 1793! அதற்கு முன் 1735-இல் அதே பிளவின் மேல் ஒரே வளைவாக ஒரு பாலத்தை அவசரமாகக் கட்டினார்கள். 1741-இல் அது இடிந்து விழுந்து ஐம்பது பேர் வரை இறந்தார்கள். அடுத்த பாலத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்ததில் வியப்பில்லை. அடியிலிருந்து 98 மீட்டர் உயரத்துக்குக் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். நடு வளைவுக்கு மேலே ஓர் அறை உண்டு. முன்பு அதைச் சிறையாகப் பயன்படுத்தினார்கள்.

கட்டியவர் ஹோசே மார்த்தின் தெ அல்தெவேலா. பாலம் முடிந்த நாளில் தொப்பி காற்றில் பறக்க, அதைப் பிடிக்கப் போய் அவர் பள்ளத்தில் விழுந்து இறந்தார் என்று ஒரு கதையைக் கேட்பீர்கள். ரசித்துக் கேளுங்கள், நம்ப வேண்டாம். அவர் 1802-இல் மாலகாவில் இறந்தார்.

அப்புறம் 'தாஹோ'. பாலத்துக்குக் கீழே ஓடுவது தாஹோ ஆறு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு, ஏனென்றால் அந்தப் பெயரில் ஸ்பெயினில் பெரிய ஆறு ஒன்று இருக்கிறது. அது தொலெதோ வழியாகப் போர்ச்சுகலுக்குப் போகிற வேறு ஆறு. இங்கே தாஹோ என்பதற்கு வெறும் 'வெட்டு' என்றுதான் பொருள். பள்ளத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதைக் குடைந்த ஆற்றின் பெயர் குவாதலெவின். பெயரின் முன்பாதி, ஆற்றைக் குறிக்கும் 'வாதி' என்ற அரபுச் சொல். கோடையில் பார்த்தால், இத்தனூண்டு ஆறா இந்தப் பாறையை அறுத்தது என்று தோன்றும்.

'மூர் அரசனின் வீடு' என்று பொருள்படும் காசா தெல் ரெய் மோரோவில் எந்த மூர் அரசனும் வாழ்ந்ததில்லை (மூர் என்பது இங்கே ஒரு காலத்தில் ஆண்ட முஸ்லிம்களைக் குறிக்கும் பெயர்). அது 18-ஆம் நூற்றாண்டு வீடு. தோட்டம் அதைவிடப் புதியது: ஃபொரெஸ்தியே என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் அமைத்தது. இதைக் கேட்டதும் 'அப்போ வேண்டாம்' என்று திரும்பிவிடுவது அடுத்த தவறு. அந்த வளாகத்தில் உண்மையிலேயே முஸ்லிம் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தது வீட்டுக்கு அடியில் இருக்கிறது. பாறைக்குள் குடைந்த படிகள், ஏறக்குறைய இருநூறு, ஆற்று மட்டம் வரை இறங்குகின்றன. முற்றுகையின்போது ஊருக்குத் தண்ணீர் இந்த வழியாகத்தான் வந்தது. பிடிபட்ட கிறித்தவர்களைத் தோல்பைகளில் நீர் சுமக்க வைத்தார்கள். 'ரோண்டாவில் தோல்பை சுமந்தே சாவாய்' என்று ஸ்பானிய மொழியில் ஒரு சாபமே இருந்தது. 1485-இல் கிறித்தவ அரசர் ஃபெர்டினாண்டின் படை இந்த நீர்வழியைத் துண்டித்தது. அந்த மே மாதமே ஊர் பணிந்தது. அரசனின் வீட்டைவிட இந்தப் படிக்கட்டுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒன்று மட்டும்: படிகள் ஈரமாக இருக்கும், வெளிச்சமும் குறைவு. வழுக்கும் செருப்போடு இறங்க வேண்டாம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கீழ்க்கோடியில் இருக்கும் அரபுக் குளியல் கூடம் பெயருக்கு ஏற்றது என்பதால் அதைப் பற்றிப் புகார் இல்லை. 13, 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள் வழியாக வெயில் இறங்கும். பாலத்தைப் பார்த்த களைப்பில் பலர் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

'பழைய ரோண்டா' என்று பொருள்படும் ரோண்டா லா வியேஹா என்ற பலகையைப் பார்த்துவிட்டு, ஊரின் பழைய பகுதி போலும், நடந்தே போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். அது சுமார் 20 கி.மீ. தள்ளி, மலை உச்சியில் கிடக்கும் அசினிப்போ என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடு. ரோண்டா இருக்கும் இடத்தில் ரோமானியர் காலத்தில் இருந்தது அருந்தா என்ற வேறு ஊர். அசினிப்போவில் பெரிதாக எஞ்சியிருப்பது கல் நாடக அரங்கு. கார் இருந்தால் கட்டாயம் போகலாம். கடைகண்ணி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இறக்கை கட்டிக்கொண்டு பறக்க முயன்றதாகச் சொல்லப்படும் 9-ஆம் நூற்றாண்டு அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இந்த ஊர்க்காரர். அதனால் அவர் இந்தப் பள்ளத்தில்தான் குதித்தார் என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். பறந்த கதை நடப்பது கோர்தொபா என்ற வேறு நகரத்தில். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

காளை அரங்கை 'ஸ்பெயினிலேயே பழையது' என்று சொல்வார்கள். ரோண்டாவில் திறந்தது 1785-இல். பெஹார் என்ற ஊரில் அதைவிட மூத்தது ஒன்று இருக்கிறது. ஆனால் ரோண்டாவின் பெருமை வயதில் இல்லை. குதிரையில் ஏறாமல் தரையில் நின்று காளையை எதிர்கொள்ளும் முறைக்கு வடிவம் கொடுத்த ரொமேரோ குடும்பம் இந்த ஊர்க்காரர்கள். சும்மா ஒரு நாள் போய் மோதலைப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம், பார்க்க விருப்பம் இல்லாதவர்கள் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். ஓவியர் கோயா காலத்து உடையில் நடக்கும் புகழ்பெற்ற கொயெஸ்கா காளைப்போர் செப்டம்பர் திருவிழாவுக்கு உரியது. மற்ற நாட்களில் டிக்கெட் வாங்கி அருங்காட்சியகமாகச் சுற்றிப் பார்க்கலாம்.

ரோண்டா இருக்கும் தெற்கு மாநிலமான அந்தலூசியா என்றாலே கொதிக்கும் வெயில் என்று மெல்லிய சட்டையோடு வருவதும் வழக்கமான பிழை. ஊர் சுமார் 740 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் நல்ல குளிர். பக்கத்து கிரசலேமா மலை ஸ்பெயினில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கடற்கரையிலிருந்து காலையில் பஸ்ஸில் வந்து மதியமே திரும்புவது. பாலத்தில் கூட்டம் நெரிவது அப்போதுதான். மதியம் இரண்டிலிருந்து ஐந்து மணி வரை நிறையக் கடைகள் மூடியிருக்கும். ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு கேட்டால் வெறித்துப் பார்ப்பார்கள், ஒன்பதுக்கு மேல்தான் அவர்களுக்குப் பசிக்கும். ஓர் இரவு தங்குங்கள். சாயங்காலம் பழைய ஊர்ப்பக்கம் மரியா அவுக்சிலியதோரா சதுக்கத்திலிருந்து கீழே போகும் பாதையைப் பிடியுங்கள். படங்களில் பார்த்த அந்தப் பாலம் அங்கே கீழிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். இறங்குவது சுலபம். அதே பாதையில் திரும்ப ஏறவேண்டும் என்பதால் தண்ணீர் பாட்டிலை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.