விமான டயர் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமான டயரின் அழுத்தத்தைக் கண்ணால் பார்த்தோ காலால் தட்டியோ மதிப்பிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஒரே அச்சில் இரண்டு டயர்கள் இருக்கும்போது, ஒன்றில் அழுத்தம் குறைந்தால் மற்றது அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கிக்கொள்வதால், குறையுள்ள டயர் தொய்வே காட்டாமல் நிற்கும். 1991 ஜூலை 11 அன்று ஜெத்தாவிலிருந்து நைஜீரியா ஏர்வேஸுக்காகப் புறப்பட்ட டிசி-8 விமானத்தில் டயர்களின் அழுத்தம் குறைந்திருந்தது. ஓடுபாதையிலேயே டயர்கள் சிதைந்து தீப்பற்றின, சக்கரங்கள் உள்ளே இழுக்கப்பட்டதும் தீ விமானத்துக்குள் பரவியது, அதிலிருந்த 261 பேரும் உயிரிழந்தனர். அழுத்தக் குறைவு பராமரிப்புப் பணியாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை.

அடுத்த தவறு, தரையிறங்கிய கையோடு, அழுத்தம் அளக்கும் கருவியான கேஜை வைப்பது. டயர் ஆறக் குறைந்தது 2 மணி நேரம், வெயில் காலத்தில் 3 மணி நேரம் ஆகும். வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 சதவீதம் மாறும். 200 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய டயர் சூட்டில் 210 காட்டுகிறதே என்று 10 பிஎஸ்ஐயை வெளியேற்றினால், ஆறிய பிறகு அதில் சுமார் 190தான் மிஞ்சும். சூடான டயரிலிருந்து அழுத்தத்தை ஒருபோதும் இறக்கக் கூடாது. கேஜுக்கே அளவுத்திருத்தம் செய்து எத்தனை நாளாயிற்று என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

குறைந்ததை நிரப்பிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதாமல் விடுவது சிறிய அலட்சியமாகத் தோன்றலாம். நாளொன்றுக்கு 5 சதவீதம் வரை அழுத்தம் குறைவது இயல்பு என்பதால், பதிவு இல்லாவிட்டால் இயல்பான இழப்பையும் கசிவையும் பிரித்தறிய வழியில்லை. பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் குறைந்த டயரைக் கழற்ற வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், கூடுதல் சுமை தாங்கிய இணை டயரையும் கழற்ற வேண்டும். இறுதி அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளதே. நிரப்புவதற்கு நைட்ரஜனே உகந்தது. 1986இல் மெக்சிகானா போயிங் 727 விமானத்தில், சாதாரணக் காற்று அடைத்த டயர் பிரேக் சூட்டில் வெடித்து 167 பேர் இறந்தார்கள்.

டயரைச் சுற்றிப் பார்த்தாலே போதும் என்று நினைப்பவர்கள், தரையோடு அழுந்திய பகுதியை மறந்துவிடுகிறார்கள். விமானத்தைச் சற்று நகர்த்தினாலொழிய அங்குள்ள வெட்டோ, பிரேக் இறுகிச் சக்கரம் சறுக்கியதால் உண்டான தட்டைத் தேய்மானமோ தெரியாது. தேய்மானத்தைச் சராசரியாகக் கணிப்பதும் சரியல்ல. மிக அதிகமாகத் தேய்ந்த இடத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் அழுத்தம் மிகுதியாகவும், இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் குறைவாகவும் இருந்திருக்கலாம்.

பக்கச்சுவரில் தெரியும் நுண்ணிய விரிசல்களுக்காக, உள்ளிழைகள் வெளிப்படாதவரை, பதற வேண்டியதில்லை; புடைப்பு அப்படியன்று. அழுத்தம் உள்ள டயரில் வெட்டைக் குத்திப் பார்ப்பதும், பதிந்திருக்கும் ஆணியைப் பிடுங்குவதும் ஆபத்து. வெட்டையும் புடைப்பையும் அழுத்தத்தை இறக்கும் முன்பே சாக்கட்டியால் வட்டமிட்டுவிட வேண்டும். இறக்கிய பிறகு வெட்டின் வாய் மூடிக்கொள்ளும், புடைப்பும் அமுங்கிவிடும், பழுதுபார்ப்பவருக்கு எந்த இடம் என்றே தெரியாது.