வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் சஸ்பென்ஷன் வேலை: முதல்முறை செய்பவர்களுக்கு

புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் எல்லாம் மாட்டிக் கொஞ்ச நாளிலேயே அடியில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) போல்ட்டை இறுக்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா, இல்லை கார் தன் எடையில் நின்றுகொண்டிருந்ததா? தொங்கிக்கொண்டிருந்தது என்றால் சத்தத்தை அங்கேதான் முதலில் தேட வேண்டும். சஸ்பென்ஷனில் அளப்பது, இறுக்குவது, சரிபார்ப்பது எல்லாமே கார் தரையில் நிற்கும் உயரத்தை வைத்துத்தான். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமையாகச் செய்யக்கூடிய ஸ்பேனர் வேலை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்து, மேலே பாடியிலும் கீழே சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலும் பொருந்தியிருக்கும். டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள) கார்களில் கழற்றும் வரிசை மாறும், அடிப்படை மாறாது. ஏர் சஸ்பென்ஷனோ, மின்னணு முறையில் இறுக்கம் மாறும் ஷாக்கோ உள்ள காரில் முதல் வேலையைத் தொடங்க வேண்டாம். அங்கே வயரும் கண்ட்ரோல் யூனிட்டும் சேர்ந்துவிடும்.

வாங்கும் முன் பாருங்கள்

பலர் நேராகக் காயில்ஓவர் (மரை வளையத்தால் உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் ஜோடி) வாங்கப் போய்விடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. தேய்ந்த புஷ்ஷும் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) ஆட்டம் கண்ட பால் ஜாயின்டும் (உருண்டை மூட்டு) இருக்கும் காரில் எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் அதன் அருமை தெரியாது. அதனால் முதல் வேலை சோதனை.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைச் சந்தேகப்படலாம். பால் ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், இன்னும் ஆட்டம் வராவிட்டாலும் அதற்கு நாள் எண்ணப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் வெளியேறி, தண்ணீரும் மண்ணும் உள்ளே போயிருக்கும்.

ஷாக்கின் உடம்பில் லேசாக எண்ணெய் ஈரம் படிந்திருப்பது பெரிய குற்றமில்லை. எண்ணெய் வழிந்து அதில் தூசி அப்பியிருந்தால் அது முடிந்துவிட்டது. காரின் மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அடியோடு செத்துப்போன ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும், பாதி தேய்ந்தது அதில் தப்பிவிடும்.

எதை மாற்றுவது?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். துள்ளலின் ஆற்றலை எண்ணெய் வழியே வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஆகவே கடினமான ஸ்பிரிங் போட்டுவிட்டுப் பழைய ஷாக்கையே வைத்திருந்தால், ஸ்பிரிங்கை அடக்க ஷாக்குக்குத் தெம்பு போதாது. இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வாங்குங்கள். மாற்றும்போது ஒரே அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கூடாது.

உயரத்தைக் குறைப்பதில் பேராசை வேண்டாம். 25 முதல் 30 மி.மீ. வரை குறைத்தால் பெரும்பாலான சாலை கார்கள் தாங்கும். அதற்கு மேல் போனால் ஷாக் நகர மிச்சமிருக்கும் தூரம் குறைந்து, சின்னப் பள்ளத்திலேயே பம்ப் ஸ்டாப்பில் (ஷாக்கின் கடைசித் தடுப்பு) போய் முட்டும். கன்ட்ரோல் ஆர்மின் கோணமும் கெடும். மெக்பெர்சன் ஸ்ட்ரட் காரில் அளவுக்கு மீறிக் குறைத்தால் திருப்பத்தில் கார் இன்னும் அதிகமாகச் சாயத்தான் பார்க்கும். பார்க்க அழகாக இருக்கும், ஓட்ட மோசமாக இருக்கும்.

சாய்வை மட்டும் குறைக்க வேண்டும் என்றால் தடித்த ஸ்டெபிலைசர் பாரே (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வை எதிர்க்கும் கம்பி) போதும். திடமான பாரின் கடினம் அதன் விட்டத்தின் நான்காம் மடிக்கேற்பக் கூடுகிறது. 22 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 24 மி.மீ. போட்டால் கடினம் சுமார் 40 சதவீதம் ஏறிவிடும், வெறும் 2 மி.மீ. வித்தியாசத்தில். முன்பக்கப் பாரைக் கடினமாக்கினால் திருப்பத்தில் கார் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். பின்பக்கத்தைக் கடினமாக்கினால் வால் விலகப் பார்க்கும். புதியவர்கள் பின்பாரில் அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று: வாகனத்தின் உயரத்தை மாற்ற உங்கள் நாட்டுச் சட்டமும் காப்பீடும் அனுமதிக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

தூக்குவதும் கழற்றுவதும்

வேண்டியவை: டிராலி ஜாக்கி, நல்ல ஜாக் ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு முட்டுக் கட்டை, டார்க் ரெஞ்ச், சாக்கெட் செட், ஆலன் கீ, துருவை இளக்கும் ஸ்ப்ரே, ஸ்பிரிங் கம்ப்ரசர், பெயின்ட் மார்க்கர். அப்புறம் உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல். எந்த போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர், எதை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கைக்கணக்கில் இறுக்குவது இந்த வேலைக்கு ஆகாது.

கார் இன்னும் தரையில் இருக்கும்போதே நான்கு சக்கரத்திலும் ஓர் அளவு எடுங்கள்: ஹப்பின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மி.மீ.? எழுதி வையுங்கள். டயரின் அடியிலிருந்து அளக்காதீர்கள், காற்று கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவு மாறும்.

சமதளமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி நின்று, அதை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடைக் கழற்ற விடாது. ஜாக்கி தூக்க மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஸ்டாண்டில் வைத்ததும் காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் விடுவியுங்கள். லிங்க் ராடு நட்டைத் திருப்பும்போது அதன் தண்டும் சேர்ந்து சுற்றும்; தண்டின் நுனியில் ஆலன் கீ விட்டுப் பிடித்துக்கொண்டு நட்டை ஸ்பேனரால் திருப்ப வேண்டும். அடுத்து ஸ்ட்ரட்டை நக்கிளோடு இணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள். அவற்றைத் தொடும் முன், போல்ட்டின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, ஸ்ட்ரட் நக்கிளில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பெயின்ட் மார்க்கரால் கோடு போடுங்கள். பல கார்களில் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

போல்ட்டுகள் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதை ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள். விட்டுவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்றுகொள்ளவும் கூடும்.

பானெட்டின் கீழே ஸ்ட்ரட்டின் தலையைச் சுற்றிச் சிறிய நட்டுகள், பெரும்பாலும் மூன்று, இருக்கும். அவற்றைத்தான் கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டை, ஸ்ட்ரட் காரில் இருக்கும்போது தொடவே கூடாது. அழுந்திய நிலையில் நிற்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான். கடைசிச் சிறு நட்டை எடுக்கும்போது கீழே ஒரு கை ஸ்ட்ரட்டைத் தாங்கியிருக்கட்டும்.

ஸ்பிரிங்கை மாற்றுவது

உயிருக்கு ஆபத்தான இடம் இது, நிதானமாகப் படியுங்கள். கம்ப்ரசரின் இரண்டு பாகத்தையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் மாட்டுங்கள். கொக்கிகள் சுருளில் முழுதாக அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கையால், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்ட்ரட்டின் தலை உங்களையோ வேறு யாரையோ பார்த்தபடி இருக்கக் கூடாது. ஸ்பிரிங் அதன் இருக்கையில் தளர்ந்து கையால் சுழற்றும் அளவுக்கு வந்த பிறகே நடு நட்டு. கம்ப்ரசர் பழையதாக இருந்தாலோ, மரை தேய்ந்திருந்தாலோ, ஸ்ட்ரட்டை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி வாருங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஷாக்கின் பளபளக்கும் தண்டைப் பிளையரால் பிடிக்காதீர்கள். அதில் விழும் ஒரு கீறல் மேலும் கீழும் போய்வந்து சீலைக் கிழித்துவிடும். டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடிக்கும் தலைப்பகுதி), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாவற்றையும் இப்போதே புதிதாகப் போடுவது புத்திசாலித்தனம், இன்னொரு முறை இவ்வளவையும் கழற்ற வேண்டியிருக்காது. புது ஸ்பிரிங்கின் நுனி, கீழ் இருக்கையில் இருக்கும் படியில் போய்ச் சேர வேண்டும். எதிலும் ஏறி நிற்கக் கூடாது.

தரையில் நிற்க வைத்து இறுக்குவது

ஸ்ட்ரட்டைத் திரும்ப மாட்டி, டாப் மவுண்ட் நட்டுகள், நக்கிள் போல்ட்டுகள், லிங்க் ராடு நட்டுகள் ஆகியவற்றை மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கிவிடலாம். இவை உலோகத்தை உலோகத்தோடு பிடிப்பவை, அல்லது பால் ஜாயின்டு உள்ளவை. கார் எந்த உயரத்தில் இருந்தாலும் இவற்றுக்குக் கவலையில்லை. பிளாஸ்டிக் வளையம் வைத்த லாக் நட்டுகளுக்குப் புதியதையே போடுங்கள். மேனுவல் சொல்லாத இடத்தில் மரைக்கு எண்ணெய் தடவ வேண்டாம். உராய்வு குறைந்து, அதே டார்க் எண்ணிலும் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

கன்ட்ரோல் ஆர்மின் உள்முனை போல்ட்டு மாதிரி, ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளின் கதை வேறு. அந்த வேலையில் அவற்றைத் தளர்த்தியிருந்தாலோ, புஷ் மாற்றியிருந்தாலோ இதைக் கவனிக்க வேண்டும். புஷ்ஷின் வெளிக்குழாய் ஆர்மில் இறுகியிருக்கும், உள்குழாயை போல்ட் சப்ஃப்ரேமோடு (காரின் அடிச்சட்டம்) சேர்த்துப் பூட்டிவிடும், இரண்டுக்கும் நடுவில் ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ரப்பர் வழுக்கிச் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும்போது பூட்டிவிட்டால், காரை இறக்கியதுமே ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் முறுக்கேறி நிற்கும். சும்மா நிறுத்தி வைத்திருக்கும்போதும் அந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் முறுகும். சீக்கிரமே கிழிந்துவிடும். போதாததற்கு, முறுக்கிய ரப்பர் கூடுதல் ஸ்பிரிங்போல வேலை செய்து காரின் உயரத்தையும் சற்றுத் தூக்கிக் காட்டும்.

சரியான முறை இது. அந்த போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, சக்கரம் மாட்டி, காரை இறக்குங்கள். சாலைக்குப் போகாமல், நின்ற இடத்திலேயே சில அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். தூக்கி இறக்கியதும் டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு காரை முழுதாக அமர விடாது, உருட்டினால் அமர்ந்துவிடும். இப்போது ஹப் மையம் முதல் மட்கார்டு வரை மறுபடி அளங்கள். அதுதான் உங்கள் புது உயரம். முதலில் எழுதி வைத்த அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு இறங்கியது என்பதும் தெரியும்.

ராம்ப் இருந்தால் காரை அதன்மேல் நிறுத்தி, எடை சக்கரத்தில் இருக்கும்போதே அடியில் போய் இறுக்குங்கள். இல்லாவிட்டால் காரை மறுபடி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியை ஆர்மின் வெளிமுனையில் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். ஹப் முதல் மட்கார்டு வரை அதே மி.மீ. வந்ததும் நிறுத்தி, டார்க் ரெஞ்ச் போடுங்கள். தூக்கும்போது கார் ஸ்டாண்டை விட்டு எழும்பாமல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

பாலியூரிதேன் புஷ்களில் உள்குழாய் பெரும்பாலும் சுழலக்கூடியது, அதனால் இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்கு வேண்டியது தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸ். ஆனால் ரப்பர் புஷ்ஷுக்கு அந்தப் பழக்கத்தில் பெட்ரோலிய கிரீஸைப் பூசிவிடாதீர்கள், ரப்பர் உப்பிப்போகும்.

அலைன்மெண்ட்

உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் மாறியே தீரும். டயரை வேகமாகத் தின்பது முக்கியமாக டோ. கடைக்கு ஓட்டிப் போகும் வரைக்குமான ஒரு ஏற்பாட்டை வீட்டிலேயே செய்யலாம்: காரின் இரு பக்கமும் ஹப் உயரத்தில் மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டி, அது காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கும்படி சரிசெய்யுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நரம்பிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் அளங்கள். இரண்டின் வித்தியாசம்தான் அந்தச் சக்கரத்தின் டோ. 17 இன்ச் ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 8 நிமிடக் கோணம். அதன்பிறகு சில நாள் ஓட்டி ஸ்பிரிங் அமர்ந்ததும் முறையான அலைன்மெண்ட் செய்துவிடுங்கள். ஹெட்லைட்டின் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் உதவிக்கான கேமராவோ ரேடாரோ உள்ள காரென்றால் அதன் அளவீட்டையும்.

அப்புறம் பார்த்துக்கொள்வது

சுமார் 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்து, நட்டுக்கும் பக்கத்து உலோகத்துக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். அடுத்த முறை டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

காயில்ஓவர் போட்டிருந்தால் அதன் மரையில் சேறு காய விடாதீர்கள். நைலான் பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு கழுவி, உலர்ந்ததும் தயாரிப்பாளர் சொல்லும் பூச்சைப் பூசுங்கள். இறுகிப்போன வளையத்தைச் சுத்தியலால் தட்டித் திருப்பினால் மரை போய்விடும். இறுக்கம் மாற்றும் குமிழ் இருந்தால், முழுக்கக் கடினப் பக்கம் மென்மையாகத் திருப்பி நின்ற இடத்தை பூஜ்யமாக வைத்து, அங்கிருந்து கிளிக் எண்ணிக்கொண்டு தளர்த்துங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை.

காதையும் பழக்கிக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன மேடுகளில் கிலுகிலுப்பு வந்தால் முதலில் லிங்க் ராடு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ‘டொயிங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் டாப் மவுண்ட் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு ‘டங்’ என்றால் கன்ட்ரோல் ஆர்ம் புஷ். அந்தச் சத்தத்தோடு ஸ்டீயரிங்கில் தளர்ச்சியும் சேர்ந்து வந்தால் பால் ஜாயின்டைப் பார்க்காமல் காரை எடுக்கவே வேண்டாம். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.