மலைச்சாலையில் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு சைக்கிள் மிதிக்கும் நம்ம கோயம்புத்தூர், பொள்ளாச்சி ஆட்கள் பலருக்கும் ஓர் ஆசை உண்டு: பிரான்ஸில் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஒரு தடவையாவது ஆல்ப்ஸ் மலைச்சாலையோரம் நின்று பார்த்துவிட வேண்டும். நானும் போய் வந்தேன். ஜூலையில் கிளம்புகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படக் கூடாது.

முதலில் வளைவுக் கணக்கு. வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து மேலே போகப் போக எண் கூடும். பந்தயம் பார்க்க நான் போன ஆல்ப் துவேஸ் மலையில் 21 வளைவுகள், ஆனால் தலைகீழ்: அடிவாரத்தில் 21, உச்சிக்குப் பக்கத்தில் 1. காலையிலேயே ஏறிவிட்ட நண்பர், “அஞ்சாவது வளைவுல நிக்கறனுங்க, வந்துருங்க” என்றார். கூப்பிடு தூரம்தானே என்று கட்டுச்சோற்றை அறையிலேயே வைத்துவிட்டேன். அடிவாரத்தில் 21 என்ற பலகையைப் பார்த்ததும்தான் விஷயம் விளங்கியது. காரிலும் போக முடியாது. பந்தயத்துக்குப் பல மணி நேரம் முன்பே சாலையை அடைத்துவிடுவார்கள். வெள்ளியங்கிரி ஏறுவதுபோலத் தயாராகப் போங்கள்: தண்ணீர், சாப்பாடு, மேலே குளிரும் என்பதால் ஒரு ஜாக்கெட். மழைக்கு ரெயின்கோட் போதும், கூட்டத்தில் குடை ஆபத்து.

பெரிய தவறு, போட்டோ எடுக்கச் சாலைக்குள் இறங்குவது. கேமரா வழியாகப் பார்க்கும்போது வீரர் தூரத்தில் வருவதாகவே தோன்றும், நிமிர்ந்தால் மேலே மோதுகிற அளவுக்கு வந்திருப்பார். 1999-இல் இதே மலையில், கடைசிக் கிலோமீட்டரில், முதலில் வந்துகொண்டிருந்த ஜுசெப்பே குவெரினி இப்படித்தான் ஒரு ரசிகர்மேல் மோதி விழுந்தார். எழுந்து ஓட்டி ஜெயித்தது அவருடைய மனவலிமை. 2018-இல் இங்கே கூட்ட நெரிசலில் விழுந்த வின்சென்சோ நிபாலிக்கு முதுகெலும்பு முறிந்தது, பந்தயமே போனது. வருஷக்கணக்கான உழைப்பு நம்முடைய ஒரு படத்துக்காகப் போகக் கூடாது. போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள். இரண்டடி தூரத்தில் அந்த மூச்சுச் சத்தம் கேட்கும், மோவாயிலிருந்து வியர்வை ஹேண்டில்பாரில் சொட்டுவது தெரியும்.

விளம்பர வண்டிகள் வீரர்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் வந்து தொப்பி, மிட்டாய் வீசும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, முன்னணி வீரர்கள் போனதும் கிளம்பிவிடுவது. சமவெளியில் பறக்கும் ஸ்பிரிண்டர்கள் மலையில் கடைசியில்தான் வருவார்கள், நேர வரம்புக்குள் முடிக்கவில்லை என்றால் வெளியேற்றம். பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டமாக ஏறும் அவர்களுக்குத்தான் நம் கைதட்டல் அதிகம் தேவை.

சரி, எல்லாரும் போயாச்சு என்று நடுச்சாலையில் இறங்கி நடக்காதீர்கள். உச்சியில் முடித்த வீரர்கள் தங்கள் அணியின் பஸ்ஸுக்குத் திரும்ப அதே வழியில் வேகமாக இறங்குவார்கள், பலர் வாயில் விசில் இருக்கும். விசில் கேட்டால் உடனே ஓரமாக ஒதுங்குங்கள்.