என்.எஃப்.எல். அணியின் ஓய்வுக்காலத் திட்டம்: சம்பள வரம்பையும் பயிற்சியாளர் தேர்வையும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க

உங்களுக்குப் பிடித்த என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி ஒரு நல்ல வீரரை மார்ச் மாதத்தில் திடீரென்று விடுவிக்கிறது. அதே வாரத்தில், வயது முப்பதைத் தாண்டிய இன்னொருவருக்குப் பெரிய தொகை கொடுத்து வைத்துக்கொள்கிறது. பார்ப்பவருக்குத் தலைசுற்றும். ஆனால் ஒரு விரிதாளைத் திறந்து, அணியின் பொது மேலாளர் இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போட்டால் இந்த முடிவுகளில் பெரும்பாலானவை விளங்கிவிடும். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒப்பந்த விவரங்களை ஓவர் தி கேப், ஸ்போட்ராக் ஆகிய இரண்டு தளங்களிலும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டும் டாலரில் காட்டும்; இங்கே சுருக்கமாக மில்லியன் டாலரில் எழுதுகிறோம் (10 மில்லியன் என்றால் 1 கோடி).

சம்பள வரம்பு என்பது ஓர் அணி ஓராண்டில் வீரர்களுக்காகக் கணக்கில் காட்டக்கூடிய உச்சத் தொகை. கணக்கில் இறங்குமுன் ஒரு விதியை மனதில் வையுங்கள். வீரருக்குக் கொடுத்த பணம் என்றைக்காவது ஒருநாள் சம்பள வரம்புக் கணக்கில் ஏறியே தீரும். எந்த ஆண்டில் ஏறும் என்பதை மட்டுமே அணியால் மாற்ற முடியும். மற்ற எல்லா நுணுக்கமும் இதிலிருந்து பிறப்பதுதான்.

படி 1: முதலில் பயிற்சியாளர், பிறகு கணக்கு

பலர் விரிதாளைத் திறந்ததும் அதிகச் சம்பளக்காரர்களை வெட்டத் தொடங்குவார்கள். அது தவறான வரிசை. ஒரு வீரர் தன் சம்பளத்துக்குத் தகுந்தவரா என்பது, தலைமைப் பயிற்சியாளரும் அவருடைய ஒருங்கிணைப்பாளர்களும் (தாக்குதல், தற்காப்புப் பிரிவுகளை நடத்தும் பயிற்சியாளர்கள்) எந்த முறையில் ஆடப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. முன்வரிசைத் தடுப்பாளர்களைப் பக்கவாட்டில் ஓடவிட்டு இடைவெளி உண்டாக்கும் முறைக்கு வேகமான கால்கள் வேண்டும். எதிராளியை நேராக மோதித் தள்ளும் முறைக்குப் பருத்த உடல் வேண்டும். ஒன்றில் 15 மில்லியன் பெறுமானமுள்ளவர் மற்றொன்றில் பாதிக்குக்கூடத் தேறமாட்டார். தற்காப்பில் முன்வரிசையை மூன்று பேரிலிருந்து நான்கு பேராக மாற்றும்போதும் இதே சிக்கல் வரும்.

டென்வர் பிராங்கோஸ் கதை இதற்குச் சரியான பாடம். 2022 மார்ச்சில் சியாட்டிலிடமிருந்து குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ரஸ்ஸல் வில்சனை வாங்கினார்கள். அவர் டென்வர் சீருடையில் ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, செப்டம்பரில், ஐந்தாண்டுகளுக்கு 240 மில்லியன் டாலருக்கும் மேலான நீட்டிப்பு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அன்றைய பயிற்சியாளர் நேதனியல் ஹாக்கெட்டை 15 ஆட்டங்களிலேயே நீக்கினார்கள். 2023இல் ஷான் பேட்டன் வந்தார். அவருக்கும் வில்சனுக்கும் ஆட்டமுறை ஒத்துவரவில்லை. 2024 மார்ச்சில் வில்சனை விடுவித்தபோது டென்வர் கணக்கில் விழுந்த டெட் மனி 85 மில்லியன். அதாவது, அணியிலேயே இல்லாத ஒருவருக்காக வரம்பில் ஏறிய தொகை. நீண்ட ஒப்பந்தத்தின் ஆயுளைவிடப் பயிற்சியாளரின் ஆயுள் குறுகியதாக இருந்தால் இதுதான் நடக்கும்.

பயிற்சியாளர்களின் சம்பளம் வரம்புக் கணக்கில் வராது. நீக்கப்பட்டவருக்கு மிச்ச ஆண்டுகளின் சம்பளத்தை உரிமையாளர் தன் கையிலிருந்து கொடுத்துக்கொள்வார். ஆகவே உங்கள் விரிதாளில் பயிற்சியாளருக்குத் தொகை எழுத வேண்டியதில்லை. ஆட்டமுறை என்று ஒரு பத்தி போட்டு, ஒவ்வொரு வீரருக்கும் நேராக "பொருந்தும்", "ஓரளவு", "பொருந்தாது" என்று எழுதுங்கள்.

காலக்கெடுவையும் கவனியுங்கள். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஆடும் அணியின் ஒருங்கிணைப்பாளரை வேறு அணி தலைமைப் பயிற்சியாளராக எடுக்க விரும்பினால், அந்த ஆட்டம் முடியும்வரை கையெழுத்து வாங்க முடியாது. 2025இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் பிலடெல்பியாவின் கெல்லன் மூருக்காக அப்படிக் காத்திருந்தது. சூப்பர் பவுல் பிப்ரவரி 9. அவர் பெயர் அறிவிக்கப்பட்டது பிப்ரவரி 11. புதிய லீக் ஆண்டு (வரம்புக் கணக்கு புதிதாகத் தொடங்கும் ஆண்டு) தொடங்கியதோ மார்ச் 12. முழு அணியையும் எடைபோட அவருக்குக் கிடைத்தது ஒரே மாதம். தாமதமாகப் பயிற்சியாளரை எடுக்கும் அணி முதல் மார்ச்சில் பெரிய ஒப்பந்தங்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

படி 2: உங்கள் அணியின் உண்மையான வரம்பு எவ்வளவு?

2025க்கான வரம்பு 279.2 மில்லியன். 2024இல் அது 255.4. ஆனால் 32 அணிகளுக்கும் இதே எண் இல்லை. சென்ற ஆண்டு செலவழிக்காமல் மிச்சம் வைத்த தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். அதைக் கூட்டுங்கள். ஊக்கத்தொகைக் கணக்கில் வரும் வித்தியாசத்தையும் சேருங்கள்.

ஊக்கத்தொகையில் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு தற்காப்பு வீரர் சென்ற ஆண்டு 9 சாக் (எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்தார் என்று வையுங்கள். இந்த ஆண்டு 8 சாக் எடுத்தால் 1 மில்லியன் என்று ஒப்பந்தம் சொன்னால், அது எட்டக்கூடிய இலக்கு. இப்போதே கணக்கில் ஏறும். 10 சாக் என்று சொன்னால் எட்ட வாய்ப்பில்லாத இலக்கு, இப்போது ஏறாது. அவர் 10 எடுத்துவிட்டால் அந்தத் தொகை அடுத்த ஆண்டு வரம்பிலிருந்து கழியும்.

அடுத்தது 51 பேர் விதி. ஓய்வுக்காலத்தில் அணியில் 90 பேர்வரை இருக்கலாம். ஆனால் முழுதாகக் கணக்கில் ஏறுவது அதிகத் தொகையுள்ள முதல் 51 பேர் மட்டும். அதனால் 3 மில்லியனுக்கு ஒருவரை எடுத்தால் 3 மில்லியன் குறையாது. 51ஆம் இடத்தில் 1 மில்லியனில் இருந்தவர் பட்டியலுக்குக் கீழே இறங்குவதால் நிகரச் செலவு 2 மில்லியன்தான். விடுவிக்கும்போது இது தலைகீழாகும்: 4 மில்லியன் மிச்சம் என்று எழுதியிருந்தால், 52ஆம் ஆள் மேலே ஏறுவதால் கைக்கு வருவது 3.

படி 3: ஒரு ஒப்பந்தத்தைப் பிரித்துப் பாருங்கள்

பயிற்சிக்கு ஒரு கற்பனை வீரர். நான்கு ஆண்டு ஒப்பந்தம், சைனிங் போனஸ் (கையெழுத்திடுவதற்கான தொகை) 20 மில்லியன். அடிப்படைச் சம்பளம் முறையே 2, 8, 12, 14.

சைனிங் போனஸ் ரொக்கமாக முன்கூட்டியே போய்விடும். ஆனால் வரம்புக் கணக்கில் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிக்கலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். இங்கே ஆண்டுக்கு 5. ஆகவே கேப் ஹிட் (அந்தந்த ஆண்டு வரம்பில் ஏறும் தொகை) முறையே 7, 13, 17, 19.

இப்போது மூன்றாம் ஆண்டு மார்ச். அவரை விடுவித்தால் என்ன ஆகும்?

ஜூன் 1க்கு முன் விடுவித்தால், இன்னும் கணக்கில் ஏறாத 5+5 இரண்டும் இந்த ஆண்டே வந்து விழும். டெட் மனி 10. இருந்திருந்தால் 17 ஆகியிருக்கும், மிச்சம் 7.

ஜூன் 1க்குப் பிறகு விடுவித்தால், இந்த ஆண்டுக்கு 5, அடுத்த ஆண்டுக்கு 5. இந்த ஆண்டு மிச்சம் 12. ஒரு அணி இரண்டு வீரர்கள்வரை மார்ச்சிலேயே விடுவித்துவிட்டு "ஜூன் 1க்குப் பிந்தைய கணக்கு" என்று குறித்துக்கொள்ளலாம். வீரர் உடனே வேறு அணிக்குப் போய்விடுவார். ஆனால் அவருடைய 17 மில்லியன் ஜூன் 2 வரை உங்கள் கணக்கிலேயே நிற்கும். அந்த 12ஐ மார்ச்சில் புதிய வீரர்களை எடுக்கச் செலவழிக்க முடியாது. முதன்முறை திட்டம் போடுபவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான்: காகிதத்தில் பணம் இருக்கும், தேவைப்படும் நாளில் இருக்காது. வில்சனின் 85 மில்லியனை டென்வர் இந்த வழியில்தான் 2024க்கு 53, 2025க்கு 32 என்று பிரித்தது.

விடுவிக்குமுன் உத்தரவாதத் தொகையைப் பாருங்கள். நம் வீரரின் மூன்றாம் ஆண்டுச் சம்பளம் 12 முழு உத்தரவாதம் என்றால் டெட் மனி 22. வைத்திருந்தால் 17; விடுவித்தால் 22. அதாவது அவர் போவதால் 5 மில்லியன் நஷ்டம். சில உத்தரவாதங்கள் குறிப்பிட்ட தேதியில் உயிர்பெறும். வில்சனுடைய 2025 சம்பளம் 37 மில்லியன், 2024 லீக் ஆண்டின் ஐந்தாம் நாளில் முழு உத்தரவாதமாக மாறவிருந்தது. அதுவரை காயமானால் மட்டுமே உத்தரவாதம். 2023இன் கடைசி இரண்டு ஆட்டங்களில் அவரை டென்வர் உட்கார வைத்ததைப் புரிந்துகொள்ள இந்தத் தேதியைப் பார்த்தாலே போதும். ஆகவே விரிதாளில் "உத்தரவாதத் தேதி" என்று தனிப்பத்தி கட்டாயம்.

வேறு அணிக்கு மாற்றினாலும் பிரித்துப் போட்ட போனஸ் பழைய அணியோடுதான் இருக்கும். அடிப்படைச் சம்பளம் மட்டுமே புதிய அணிக்குப் போகும். 2022இல் மேட் ரயனை இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்த அட்லாண்டா அந்த ஆண்டில் 40.5 மில்லியன் டெட் மனி சுமந்தது.

படி 4: ரீஸ்ட்ரக்சர், எச்சரிக்கையோடு

விடுவிக்க மனமில்லை, ஆனால் இடம் வேண்டும். அப்போது அடிப்படைச் சம்பளத்தைச் சைனிங் போனஸாக மாற்றுகிறார்கள். இதுதான் ரீஸ்ட்ரக்சர். வீரருக்கு ஒரு டாலரும் குறையாது. பணம் முன்கூட்டியே கைக்கு வருவதால் அவர் மறுப்பது அபூர்வம்.

நம் வீரரின் 12 மில்லியனில் குறைந்தபட்சச் சம்பளமாக 1.2ஐ விட்டுவிட்டு 10.8ஐ மாற்றுங்கள். (குறைந்தபட்சம் அனுபவத்துக்கேற்ப மாறும், 2025இல் புதியவருக்கு 0.84, ஏழாண்டோ அதற்கு மேலோ ஆடியவருக்கு 1.255.) மிச்சமிருப்பது இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 5.4. மூன்றாம் ஆண்டு ஹிட் 17இலிருந்து 11.6 ஆகும். நான்காம் ஆண்டு 19இலிருந்து 24.4 ஆகும்.

இதுவும் போதாதென்றால் வாய்ட் ஆண்டுகள் சேர்ப்பார்கள். வீரர் ஆடப்போவதில்லை, கணக்குக்காக மட்டும் மூன்று பொய் ஆண்டுகள். 10.8ஐ ஐந்தால் வகுத்தால் 2.16. மூன்றாம் ஆண்டு ஹிட் 8.36 ஆகக் குறையும். நான்காம் ஆண்டு முடிந்து ஒப்பந்தம் காலாவதியானதும், மிச்ச 6.48 மொத்தமாக ஐந்தாம் ஆண்டில் விழும். மூன்று ஆண்டுகளுக்குப் பரவாது. இதைப் பலர் தவறாக எழுதுகிறார்கள்.

எப்போது செய்யலாம்? இன்னும் இரண்டு ஆண்டுகளாவது நிச்சயம் வைத்திருக்கப்போகிற, புதிய பயிற்சியாளரின் முறைக்குப் பொருந்தும் வீரருக்கு மட்டும். "வரம்பு ஆண்டுதோறும் ஏறும், எதிர்காலக் கடன் இலேசாகிவிடும்" என்ற வாதம் பெரும்பாலும் சரிதான். ஆனால் பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் வரம்பு 198.2இலிருந்து 182.5க்கு இறங்கியது. அதற்கு முன் கடனைத் தள்ளிப்போட்டிருந்த அணிகள் அந்த ஆண்டு திணறின. வீரரின் உடலும் உங்கள் திட்டத்துக்குக் கட்டுப்படாது: செயின்ட்ஸ் 2025 மார்ச்சில் குவார்ட்டர்பேக் டெரெக் காரின் ஒப்பந்தத்தை ரீஸ்ட்ரக்சர் செய்தது, தோள்பட்டைக் காயத்தால் மே மாதத்தில் அவர் ஓய்வை அறிவித்தார். கொடுத்த போனஸில் இன்னும் கணக்கில் ஏறாத பங்கு டெட் மனி ஆனது.

படி 5: மார்ச்

ஒப்பந்தம் முடியும் சொந்த வீரர்களில் ஒருவரை ஓராண்டுக்குப் பிடித்து நிறுத்த ஃப்ரான்சைஸ் டேக் இருக்கிறது. அந்த ஆட்ட இடத்தின் உச்சச் சம்பளங்களிலிருந்து கணக்கிட்ட தொகை, அல்லது அவருடைய முந்தைய சம்பளத்தின் 120 சதவீதம், எது அதிகமோ அது. டேக் போட்டு வீரர் கையெழுத்திட்டால் முழுத் தொகையும் உத்தரவாதம்; போனஸ் போலப் பிரிக்கவும் முடியாது. சின்சினாட்டி டீ ஹிக்கின்ஸுக்கு 2024இல் 21.8, மறுபடி 2025இல் சுமார் 26.2 மில்லியனுக்கு டேக் போட்டது. பிறகு அந்த மார்ச்சிலேயே நீண்ட ஒப்பந்தத்துக்கு மாறியது. இரண்டாவது டேக் போடும் அளவுக்கு விஷயம் போனால், முதலாண்டே ஒப்பந்தம் பேசியிருக்கலாம் என்றுதான் பொருள்.

லீக் ஆண்டு தொடங்கும் நேரம் கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 4 மணி. இந்தியாவில் நள்ளிரவு 1.30. அதற்குள் எல்லா அணிகளும் வரம்புக்குள் வந்திருக்க வேண்டும்.

வெளியாரை எடுக்கும்போது, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஈடாகக் கிடைக்கும் தேர்வுகளை மறக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்து போன உங்கள் வீரர்கள் வேறிடத்தில் பெரிய தொகை பெற்றால் மறு ஆண்டு உங்களுக்குக் கூடுதல் தேர்வு கிடைக்கும். நீங்கள் அதேபோல ஒருவரை வாங்கினால் அது ரத்தாகும். வேறு அணி விடுவித்த வீரரை எடுத்தால் இந்தக் கணக்கில் வராது. டிராஃப்ட் முடிந்த அடுத்த திங்களுக்குப் பிறகு எடுத்தாலும் வராது. விலை மலிவான அனுபவசாலிகள் மே மாதத்தில் கையெழுத்திடுவதன் காரணம் இதுதான்.

படி 6: செப்டம்பருக்கு ஒதுக்கீடு

டிராஃப்ட் வீரர்களின் மொத்தத் தொகையை அப்படியே கழிக்காதீர்கள். 51 பேர் விதியால் ஒவ்வொருவரும் ஒருவரைக் கீழே தள்ளுவார். கடைசிச் சுற்றுகளில் வருபவர்களால் பெரும்பாலும் எந்த மாற்றமும் இராது.

சீசன் தொடங்கியதும் 51 பேர் விதி முடிகிறது. 53 பேர் கொண்ட அணி, காயப்பட்டியலில் உள்ளவர்கள், அந்த 53க்கு வெளியே உள்ள பயிற்சிக் குழு, எல்லாரும் ஏறுவார்கள். பயிற்சிக் குழுவுக்கு 2025இன் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 13,000 டாலர். 16 பேர், 18 வாரம் என்றால் ஏறக்குறைய 3.75 மில்லியன். 52ஆம், 53ஆம் இடங்களுக்குச் சுமார் 2 மில்லியன். நடுவில் காயமானவருக்கு மாற்றாள் எடுக்கக் குறைந்தது 5 மில்லியனாவது வேண்டும். ஜூன் 2இல் விடுபடும் தொகையை இந்த மூன்றுக்கும் எழுதிவையுங்கள். மார்ச் பட்டியலின் கடைசி வரியில் மிச்சம் பூஜ்யமாக இருந்து ஜூன் வரவும் இல்லையென்றால், படி 3க்குத் திரும்பி "பொருந்தாது" என்று குறித்தவர்களில் இன்னும் ஒருவரை விடுவிக்க வேண்டும்.