ஆர்சி சாகச விமானத்துக்கு எத்தனை சிசி? என்ஜின் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோவால் இயக்கும் (ஆர்சி) சாகச விமானத்தின் பெட்டியில், என்ஜின் அளவு “.46 முதல் .55 வரை” என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் பலரும், அதற்கும் மேலே ஒரு படி போய் .61 போட்டால் இன்னும் நன்றாக ஏறுமே என்று யோசிப்பார்கள். வேறு சிலர், வீட்டில் பழைய .40 ஒன்று சும்மாதானே கிடக்கிறது, அதையே மாட்டிவிடலாம் என்பார்கள். இரண்டு பேருமே சிசியிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் தராசு. எரிபொருளோடு விமானம் எத்தனை கிலோ வரும், அதைச் செங்குத்தாக ஏற்ற எவ்வளவு த்ரஸ்ட் (இழுவிசை) வேண்டும், அந்த த்ரஸ்டை எந்த ப்ரொப்பெல்லர் கொடுக்கும், அந்த ப்ரொப்பெல்லரை எந்த என்ஜின் சிரமமில்லாமல் சுற்றும் என்று போனால், சிசி கடைசியில் தானாக வந்து நிற்கும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. பெரிய விமானத்தின் வடிவமைப்பும் எடைக் கணக்கில்தான் தொடங்குகிறது.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தனாலில் ஓடும் க்ளோ என்ஜின்களில் .46, .61 என்பவை கன அங்குலக் கணக்கு. ஒரு கன அங்குலம் 16.39 சிசி. ஆக .46 என்பது சுமார் 7.5 சிசி, .61 என்பது 10 சிசி, .91 என்பது 15 சிசி. பெட்ரோல் என்ஜின்களை நேரடியாகவே சிசியில் சொல்வார்கள்.

பெட்டியில் போட்ட எடையை அப்படியே நம்புவது

தயாரிப்பாளர் சொல்லும் எடை, எல்லாம் கைகூடி வந்தால் கிடைக்கிற எடை. சர்வோ (வால், இறக்கைப் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) சற்றுப் பெரிதாகும், பேட்டரி பெரிதாகும், இணைப்புகளில் எபாக்ஸி தாராளமாகப் போகும், ஒருமுறை கீழே விழுந்து ஒட்டியிருந்தால் இன்னும் ஏறும். அப்புறம் எரிபொருள். 300 மில்லி க்ளோ எரிபொருளே சுமார் 250 கிராம். அதனால் எல்லாவற்றையும் மாட்டி, டாங்கை நிரப்பி, நீங்களே நிறுத்துப் பாருங்கள். ஏற்கெனவே வேறு என்ஜின் இருக்கிறது என்றால் அதன் எடையைக் கழித்து, வாங்கப்போவதன் எடையைக் கூட்டுங்கள். மஃப்ளரையும் மவுன்ட்டையும் விட்டுவிடாதீர்கள்.

எடை தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. வேகத்தைச் சேர்த்துக்கொண்டு லூப், ரோல், ஸ்டால் டர்ன் அடிக்க எடையில் முக்கால் பங்குக்கு மேல் த்ரஸ்ட் இருந்தால் போதும். நீளமான செங்குத்துக் கோடுகள் போட எடைக்குச் சமமாகவாவது வேண்டும். ப்ரொப்பெல்லரில் தொங்கவிட்டு ஹோவர் செய்கிற 3டி ரகத்துக்கு ஒன்றரை மடங்கு இருந்தால்தான் நிம்மதி. நிற்கும் விமானத்தில் அளக்கிற த்ரஸ்ட், வானில் வேகம் கூடக்கூடக் குறையும் என்பதையும் மனதில் வையுங்கள். தரையில் சரிக்குச் சரி இருந்ததே, மேலே ஏன் பாதியில் களைத்துப்போகிறது என்பதற்கு இதுதான் பதில்.

அளப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ரிச்சி தெருவில் கிடைக்கிற, கொக்கி வைத்த லக்கேஜ் தராசு போதும். விமானத்தின் பின்பக்கத்தை உறுதியான கம்பத்தில் தராசோடு கட்டி, முழு த்ராட்டில் கொடுத்துப் படியுங்கள். ப்ரொப்பெல்லருக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

உலகப் போட்டி விதிகளும் இதே பக்கம்தான் நகர்ந்தன. எஃப்3ஏ சாகசப் பிரிவில் ஒரு காலத்தில் என்ஜின் 10 சிசிக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. பின்னர் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். விமானம் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 5 கிலோ எடைக்குள் இருக்க வேண்டும் என்பது நிலைத்துவிட்டது. எடைதான் எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறது.

குதிரைத்திறனைப் பார்த்து மயங்குவது

விளம்பரத்தில் போடுகிற குதிரைத்திறன், பெரும்பாலும் நிமிடத்துக்கு 15,000, 16,000 சுற்றில் அளந்தது. சாகச விமானத்தில் .46 என்ஜினுக்கு 11×6 ப்ரொப்பெல்லர் (11 அங்குல விட்டம்; 6 அங்குலம் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) மாட்டினால், அது சுற்றுவது 11,000, 12,000 பக்கம்தான். அந்த இடத்தில் என்ஜின் தருகிற சக்தி, காகிதத்தில் உள்ளதைவிடக் கணிசமாகக் குறைவு. எனவே குதிரைத்திறனை விட்டுவிட்டு, எந்த ப்ரொப்பெல்லரை எத்தனை சுற்றில் சுற்றும் என்று கேளுங்கள்.

ப்ரொப்பெல்லரின் விட்டம் சுமையை எவ்வளவு கூட்டுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதே சுற்றில் ஓட வேண்டுமானால் சுமை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 10 அங்குலத்திலிருந்து 11 அங்குலத்துக்குப் போனால் கிட்டத்தட்ட 46 சதவீதம் அதிகச் சுமை. ஒரு அங்குலம்தானே என்று மாற்றினால் என்ஜின் திணறும், சூடேறும். மறுபக்கம், ஒரே சக்தியை வைத்துக்கொண்டு பெரிய ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றினால் த்ரஸ்ட் கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் 3டி பறப்பவர்கள் விட்டம் பெரிதாகவும் பிட்ச் குறைவாகவும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சென்னைக் காற்றைக் கணக்கில் சேர்க்காதது

சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, அதனால் காற்று அடர்த்தியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று ஒரு நினைப்பு உண்டு. 35 டிகிரி வெயிலில், கடலோரப் புழுக்கத்தோடு, இங்கே காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏழெட்டு சதவீதம் குறைவு. சூட்டால் காற்று விரிகிறது, நீராவி அதை இன்னும் லேசாக்குகிறது. கத்திரி வெயிலில் இழப்பு மேலும் கூடும்.

இதை, சுற்றை அளக்கும் டேக்கோமீட்டர் காட்டிக்கொடுக்காது. லேசான காற்றில் என்ஜினின் சக்தி குறைகிறது, ப்ரொப்பெல்லரின் சுமையும் அதே அளவு குறைகிறது, சுற்று ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. த்ரஸ்ட் மட்டும் கீழே போயிருக்கும். சுற்று சரியாக இருக்கிறதே என்று நம்பிச் செங்குத்தாக ஏற்றினால் மேலே போய்த்தான் தெரியும். இறக்கையும் அதே காற்றில்தான் மிதக்கிறது என்பதால் தரையிறங்கும் வேகமும் சற்றுக் கூடும்.

எரிபொருள் அடுத்த சங்கதி. வெளிநாட்டு அளவீடுகள் பெரும்பாலும் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் எடுத்தவை. நம் ஊரில் நைட்ரோ கிடைப்பது அரிது. மெத்தனால் 80 பங்கு, விளக்கெண்ணெய் 20 பங்கு என்ற கலவையில்தான் பலர் ஓட்டுகிறார்கள். அது தரமான, நம்பகமான எரிபொருள்; விளக்கெண்ணெய் அதிகச் சூட்டிலும் என்ஜினைக் காக்க உதவும். ஆனால் நைட்ரோ தருகிற கூடுதல் சக்தி அதில் கிடையாது. மெத்தனால் கொடிய விஷம். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். க்ளோ என்ஜின் வாங்குவதற்கு முன்பே எரிபொருள் முறையாக எங்கிருந்து வரும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது முடியாது என்றால் பெட்ரோலோ மின்மோட்டாரோதான் உங்களுக்குச் சரி.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், பெட்டியில் சொன்ன வரம்பின் கீழ் எல்லையைச் சென்னையில் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றே சொல்வேன். எரிபொருளோடு 2.65 கிலோ வருகிற விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல .46 என்ஜின் தரக்கூடிய த்ரஸ்ட் 2.5 முதல் 3 கிலோ. வெயிலும் நைட்ரோ இல்லாததும் சேர்ந்து அதைக் கடித்துவிட்டால் சரிக்குச் சரிகூட மிஞ்சாது.

பெரிதாகப் போட்டால் தப்பில்லை என்று நினைப்பது

அப்படியானால் பெரியதையே போட்டுவிடலாமே? இங்கேதான் அதிகமான விமானங்கள் கெட்டுப்போகின்றன.

2.4 கிலோ விமானத்தில் 200 கிராம் கூடுதலான என்ஜினை மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது எடைமையத்துக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் உட்காருகிறது. மூக்கு கனத்துப்போகும். பேட்டரியை எவ்வளவு பின்னால் தள்ளியும் சரியாகவில்லை என்றால், 80 சென்டிமீட்டர் பின்னால் வாலில் 60 கிராமுக்கு மேல் ஈயம் வைக்க வேண்டும். பெரிய என்ஜின் அதிகம் குடிக்கும், அதனால் டாங்கும் எரிபொருளும் இன்னொரு 100 கிராம். மொத்தம் 360 கிராம் ஏறிவிட்டது, அதாவது 15 சதவீதம். ஸ்டால் வேகம் (இறக்கை தாங்குகிற குறைந்தபட்ச வேகம்) 7 சதவீதம் உயரும். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். எடையும் வேகமும் சேர்ந்து கூடுவதால், தரையிறங்கும்போது சக்கரக் கால்கள் தாங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிறது. கால் பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான்.

வாலிலும் மூக்கிலும் எடை சேர்ந்த விமானம் ஸ்பின்னை நிறுத்தச் சொன்னதும் நிற்காது. சற்றுத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். சாகசப் பறப்பின் அழகே கூர்மையாக நிற்பதில் இருக்கிறது. இன்னொரு ஆபத்து ஃப்ளட்டர். .46க்கு என்று லேசான பால்சா மரத்தில் கட்டிய வாலும், இறக்கை ஓரத்துப் பலகையான எய்லரானும், பெரிய என்ஜினின் முழு த்ராட்டிலோடு கீழ்நோக்கிப் பாயும்போது படபடக்கத் தொடங்கினால், ஓரிரு நொடிகளில் கழன்றுவிடும். என்ஜினைத் தாங்கும் ஃபயர்வாலும் அதே கதைதான்.

சக்தி வேண்டும், எடை ஏறக் கூடாது என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் .46ஐயும் .55ஐயும் ஏறக்குறைய ஒரே உடலில், ஒரே மவுன்ட் அளவில் செய்கிறார்கள். எடை வித்தியாசம் மிகக் கொஞ்சம். 12×6 ப்ரொப்பெல்லரோடு த்ரஸ்ட் மூன்றரைக் கிலோ வரை எதிர்பார்க்கலாம். மேலே சொன்ன விமானத்துக்குச் சென்னையில் நான் பரிந்துரைப்பது இதைத்தான். ப்ரொப்பெல்லருக்கும் தரைக்கும் இடைவெளி அரை அங்குலம் குறையும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரிப் படுகை மாதிரி மேடுபள்ளமான இடத்தில் அந்த அரை அங்குலம் முக்கியம்.

2 ஸ்ட்ரோக், 4 ஸ்ட்ரோக், பெட்ரோல்: எல்லாவற்றுக்கும் ஒரே சிசி என்று வைப்பது

.46 அளவு 2 ஸ்ட்ரோக்குக்கு இணையாக 4 ஸ்ட்ரோக்கில் .60 முதல் .70 வரை வேண்டும். .61க்குப் பதில் .91. அதே .46 அளவில் 4 ஸ்ட்ரோக் வாங்கி மாட்டினால் விமானம் ஏற மறுக்கும். 4 ஸ்ட்ரோக்கின் குணம் சாகசத்துக்கு நன்றாகப் பொருந்தும். பெரிய ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றும், சத்தமும் அடங்கியிருக்கும்.

பெட்ரோல் என்ஜின் சிசிக்குச் சிசி க்ளோவைவிடச் சக்தி குறைந்தது, எடை கூடியது. தீப்பொறி தரும் சிடிஐ பெட்டி, அதற்கான பேட்டரி, ஸ்விட்ச் ஆகியவையும் எடையில் சேரும். அதனால் சின்ன விமானங்களில் பெட்ரோலைத் திணிப்பதை நான் ஆதரிப்பதில்லை. 30 சிசியிலிருந்து அது ராஜா. 30 சிசி என்றால் சுமார் 73 அங்குல இறக்கை, 18×8 ப்ரொப்பெல்லர். 50 சிசிக்கு 85 முதல் 89 அங்குலம், ஏழெட்டுக் கிலோ, 22×8 அல்லது 23×8. 100 சிசிக்கு 100 அங்குலத்துக்கு மேல், 27×10 அல்லது 28×10.

இப்போது பம்ப்பில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் டயஃப்ரமையும் பழைய ட்யூபையும் கெடுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் டாங்கில் எரிபொருளை விட்டுவைக்காதீர்கள். பறந்து முடிந்ததும் காலி செய்து, கார்புரேட்டரும் வற்றும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

கவுலுக்குள் (என்ஜின் மூடிக்குள்) காற்று எப்படிப் போகும் என்று பார்க்காதது

முன்னால் பெரிய ஓட்டை இருந்தால் என்ஜின் குளிரும் என்பது தவறு. உள்ளே போன சூடான காற்று வெளியே வர, நுழைவாயைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு பெரிய வழி வேண்டும். உள்ளே வருகிற காற்று சிலிண்டரின் ரெக்கைகளைத் தொட்டுக்கொண்டு போகும்படி ஒரு தடுப்பும் வையுங்கள். ஹோவர் செய்யும்போது விமானம் நகர்வதே இல்லை, த்ராட்டில் மட்டும் மேலே இருக்கும். மே மாதத்தில் இதைச் செய்கிறவர்கள் கவுலை வெட்டத் தயங்கக் கூடாது.

பறக்கிற இடத்தை மறப்பது

100 சிசி விமானத்துக்கு வேண்டிய வானம் பெரிது. ஓஎம்ஆர் பக்கம் நேற்று வெற்று மனையாக இருந்த இடத்தில் இன்று குடியிருப்பு நிற்கிறது. ட்ரோன் விதிகள் 2021இன்படி பொழுதுபோக்குக்காகக் கண்ணெதிரே பறக்கவிடும் 25 கிலோ வரையான மாடல்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்ற கட்டுப்பாடு எல்லோருக்கும் உண்டு. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் நகரத்தின் பெரும்பகுதியை அடைத்துவிடுகின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்த்த பிறகு என்ஜின் அளவை முடிவு செய்யுங்கள். கிழக்குப் பக்கம் பறப்பவர்கள், மதியம் கடற்காற்று இறங்குவதற்குள் முடித்துக்கொள்வது நல்லது.

மின்மோட்டாரை ‘.46க்கு இணை’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குவது

இங்கே வாட் கணக்குதான் பேச வேண்டும். சாதாரண சாகசத்துக்குக் கிலோவுக்கு சுமார் 330 வாட், 3டிக்கு 440 வாட்டுக்கு மேல். 2.4 கிலோ விமானம் என்றால் 800 வாட்டில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். வாட்மீட்டரை இடையில் மாட்டி, முழு த்ராட்டிலில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலரின் வரம்பில் நான்கில் ஒரு பங்காவது மீதம் இருக்கட்டும். லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூடான பேட்டரியை ஆறவிட்ட பிறகே சார்ஜ் போடுங்கள்.